மாமனாரை ஊதிய அண்ணி

என் அண்ணிக்குத் தலைக்கனம் ஜாஸ்தி என்று எங்கள் சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்வார்கள். நான் அதை மறுத்ததில்லை. தலைக்கனத்துக்குக் காரணம் இருந்தால் அதைத் தலைக்கனம் என்று சொல்லக்கூடாது என்பது மட்டும்தான் என் கட்சி.

அண்ணி நகரப் பேருந்து ஓட்டுகிறவர். எவ்வளவு நெரிசலிலும் அவர் பஸ்ஸில் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்காமல் பேப்பர் படிக்கலாம். அதை அவரே சொல்லிக்கொள்வார். நகர பேண்டில் அவர்தான் முதல் கிளாரினெட். மேல் ஸ்வரத்தில் அவர் ஒரு வரி ஊதினால் மண்டபத்தில் இருமிக்கொண்டிருப்பவர்கூட இருமலை விழுங்கிவிடுவார். அதையும் அவரே சொல்லிக்கொள்வார்.

நானும் அதே பேண்டில் இருந்தேன். மூன்றாம் கிளாரினெட், கடைசி வரிசை. தையல்கடை வைத்திருப்பதால் அண்ணி எனக்கு ஊசி என்று பெயர் வைத்து, தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, இப்போது வாடிக்கையாளர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒரு நாள் பேண்ட் மாஸ்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "எந்தப் பக்கம் திரும்பினாலும் கிளாரினெட்தான் இருக்கு. சிந்தின கடுகு மாதிரி. நாலு பேர் போதும். மத்தவங்க தப்பா நினைச்சுக்காதீங்க."

நாங்கள் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டோம். நான் போனேன். பேஸ் கிளாரினெட் ஊதும் கணக்கு டீச்சர் போனார். மருந்துக்கடைக்காரர் போனார். துணி வெளுத்துத் தேய்த்துத் தரும் லாண்டரிக்காரர் போனார். இன்னும் சிலரும் போனார்கள். அண்ணி இருந்தார். அவரை யார் அனுப்புவார்கள்?

வாசலில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நின்றபோது லாண்டரிக்காரர் சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் என் கடைக்கு வந்துடுங்க. அன்னிக்கு மெஷின் ஓடாது. கிளாரினெட் அதிகம்னுதானே அனுப்பினாங்க? வெறும் கிளாரினெட்டை வெச்சே ஊதிக் காட்டுவோம்."

இப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் கிளாரினெட் குழு. புல்லாங்குழல் கிடையாது, ட்ரம்பெட் கிடையாது, மேளம் கிடையாது. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் கிளாரினெட் குடும்பம் பெரிது. எல்லோருக்கும் தெரிந்த சாதாரண கிளாரினெட் ஒன்று. அதைவிடக் குட்டியாக, கீச்சென்று உச்சத்தில் பாடுகிற ஒன்று உண்டு. அதை நாங்கள் வாண்டு என்போம். மருந்துக்கடைக்காரர் கையில் இருந்தது. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக் கீழ் ஸ்வரத்தில் ஊதுகிற பேஸ், அது டீச்சருடையது. எல்லாவற்றுக்கும் கீழே ஆளுயரம் தாண்டிய ஒன்று உண்டு. எங்கோ ஒரு இசைப்பள்ளி மூடியபோது யாருக்கும் வேண்டாமல் லாண்டரிக்காரரின் வேனில் துணி மூட்டைகளோடு ஏறி வந்தது. அதை ஊத எங்களில் யாருக்கும் மூச்சுப் போதவில்லை. கடை மூலையில் நின்றுகொண்டே இருந்தது.

அதற்கு டீச்சர் வைத்த பெயர் மாமனார். "மூலையிலயே இருப்பார். பேசமாட்டார். பேசினா வீடே நடுங்கும்," என்றார்.

அண்ணியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "வெறும் உப்பை மட்டும் போட்டு சமைக்கிற மாதிரி இருக்கும், ஊசி. நல்லா இருக்கட்டும்."

அந்த உதடுதான் ஒரு நாள் காலையில் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பல் துலக்கிவிட்டுக் கொப்பளித்தாராம். தண்ணீர் இடப்பக்கம் வழிந்துவிட்டதாம். கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் ஒரு பாதி தூங்குகிறது. இடது கண் மூடவில்லை, இடது வாயோரம் தொங்குகிறது. அண்ணன் அவரை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினான். எனக்கு போன் பண்ணியவன் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லாமலே வைத்துவிட்டான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், எத்தனையோ மாடி உயரத்தில் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன், அவன் அன்று அப்படிப் பதறினான்.

பயந்தமாதிரி மூளையில் ஒன்றுமில்லை. முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "பெரும்பாலும் சரியாயிடும். சிலருக்கு சில வாரம், சிலருக்கு பல மாசம். முழுசா வருமான்னு இப்பவே சொல்ல முடியாது. கண்ணை பத்திரமா பாத்துக்கோங்க."

"ஊதலாமா?" என்று கேட்டார் அண்ணி. அந்த 'ஊ' சரியாக வரவில்லை.

"ஊதுறதால கெடுதல் இல்லை. முடியணுமே," என்றார் டாக்டர்.

முடியவில்லை. கிளாரினெட்டின் வாய்ப்பகுதியை உதடு சுற்றிலும் இறுக்கமாகக் கவ்வவேண்டும். ஒரு மூலை தளர்ந்தால் போயிற்று, காற்றெல்லாம் அங்கே போய்விடும். அண்ணி ஊதிப் பார்த்தார். பஞ்சரான டயரிலிருந்து வருகிற சத்தம் வந்தது. கிளாரினெட்டைப் பிரித்தார், ஒவ்வொரு துண்டாகத் துடைத்தார், பெட்டியில் வைத்துப் பூட்டினார், அலமாரி மேல்தட்டில் ஏற்றினார். அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்கும். அழவில்லை.

கண் மூடாதவரை பஸ் ஓட்ட விடமாட்டார்கள். டிப்போவில் உட்காரவைத்து போன் எடுக்கிற வேலை கொடுத்தார்கள். சில வாரங்களில் பேண்ட் மாஸ்டரும் போன் பண்ணினார். "உடம்பை நல்லா பாத்துக்கோங்கம்மா. நாற்காலியைக் காலியா வெக்க முடியாது பாருங்க. ஒரு பொண்ணை உட்கார வெச்சிருக்கேன்." அண்ணி "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே சுற்றியதும் பலிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன், அங்கிருந்து லாண்டரிக்குப் போகவேண்டும். "என்னை அங்க கொண்டு விட வாங்க அண்ணி, பெட்டி நனைஞ்சிடும்," என்றேன். அண்ணன் "கார் நான் ஓட்டறேன், நீயும் கூட வா," என்றான். நாங்கள் இருவரும் பேசிவைத்துக்கொண்டதுதான் இது. அண்ணிக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்தும் வந்தார்.

கடைக்குள் ஈரமும் சோப்பு வாசனையும் எப்போதும் இருக்கும். மரக்கிளாரினெட்டுக்கும் அதன் வாயில் பொருத்துகிற நாணல் சீவலான ரீடுக்கும் அந்த ஈரக்காற்று நல்லது என்று லாண்டரிக்காரர் பெருமைப்படுவார். மடித்து வைத்த போர்வைக் கட்டுகள்மேல் அண்ணி உட்கார்ந்தார், முகத்தின் இடப்பக்கம் சுவரைப் பார்க்கிறமாதிரி. நாங்கள் ஊதினோம். அவர் இருக்கிறார் என்பதாலேயே வழக்கத்தைவிட மோசமாக ஊதினோம்.

முடிந்ததும் லாண்டரிக்காரர் பயந்துகொண்டே கேட்டார். "எப்படிம்மா இருக்கு?"

"டீச்சர் நல்லா ஊதுறாங்க. மத்தவங்க பரவாயில்லை," என்றார் அண்ணி. பிறகு, சொல்லவேண்டாம் என்று நினைத்தாலும் அடக்கமுடியாதவர் மாதிரி, "ஆனா டீச்சருக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே? படிக்கட்டு கட்டியிருக்கீங்க. முதல் படி எதுமேல நிக்குது?"

"அதோ அதுமேல நிக்கணும்," என்று லாண்டரிக்காரர் மூலையைக் காட்டினார். "ஊத ஆளில்லை."

அண்ணி எழுந்து போய் மாமனாரைச் சுற்றிப் பார்த்தார். பஸ் எடுக்குமுன் டயரைச் சுற்றிப் பார்க்கிற அதே பார்வை. "இதுக்கு உதட்டை ரொம்ப இறுக்கணுமா?"

"வேண்டாம்மா. இறுக்கினா கத்தும். லூசா விடணும். மூச்சுதான் வேணும். ஆளை விழுங்குற மூச்சு."

 டீச்சர் தன் ரீடை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ எழுதியிருக்கிறமாதிரி.

கிளாரினெட்டில் ஒரு ஸ்வரம் உண்டு, எந்த விரலும் வைக்கத் தேவையில்லை, எல்லாத் துளையும் திறந்தே இருக்கும். அண்ணி மாமனாரின் முன் நின்றார். வலக்கையால் அதை அணைத்துப் பிடித்தார். இடக்கை விரலால் தன் வாயோரத்தைத் தூக்கி அழுத்திக்கொண்டார். ஊதினார்.

முதலில் புஸ். இரண்டாம் தடவையும் புஸ். மூன்றாம் தடவை என் காலுக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. சத்தம் என்று அதைச் சொல்லமுடியாது. தூரத்தில் கப்பல் கிளம்புகிறமாதிரி ஒன்று தரையிலிருந்து ஏறி, இஸ்திரி மேஜையைப் பிடித்து, மேலே கம்பியில் தொங்கிய ஹேங்கர்களை எல்லாம் ஒன்றோடு ஒன்று உரசவைத்தது. கடை முழுக்க கிணுகிணு என்று மணி அடித்தது.

அண்ணி நிறுத்தினார். மூச்சு வாங்கியது. பாதி முகத்தில் ஒரு சிரிப்பு. மறுபாதி வராவிட்டால் என்ன, அந்தப் பாதியே எனக்குப் போதுமாக இருந்தது.

"மாமனார் பேசிட்டாரு!" என்றார் டீச்சர்.

அன்றைக்கே மாமனார் எங்கள் காரில் ஏறினார். பின்சீட்டில் நான் ஒரு பக்கம், மாமனாரின் கழுத்து மறுபக்க ஜன்னலுக்கு வெளியே, அதன்மேல் லாண்டரிக்காரர் கொடுத்த மழைத்துணி.

அதற்கடுத்த மாதங்களை அண்ணன் வீட்டுக்குக் கீழே குடியிருந்தவர்களிடம்தான் கேட்கவேண்டும். அண்ணி முதல் முறை வீட்டில் ஊதியபோது அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் கேட்டதும் தலையில் சோப்போடு துண்டைச் சுற்றிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடி, "யாரும் லிஃப்ட்ல ஏறாதீங்க, மோட்டார் போகுது!" என்று கத்தினான். கட்டிடமே வெளியே வந்துவிட்டது. அண்ணி கதவைத் திறந்து, "மோட்டார் இல்லை. நான்தான்," என்றார். என்ன ஒரு மிடுக்கோடு சொன்னார் என்கிறீர்கள்!

முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் புருவம். பிறகு கண்ணிமை பாதி இறங்கியது, பிறகு முழுக்க. வாயோரம் கடைசியாக வந்தது. வாயைப் பிடித்துக்கொள்ள விரல் தேவைப்படாத நாளில் இரண்டு கைகளும் வாத்தியத்துக்குக் கிடைத்தன. அன்றிலிருந்து ஸ்வரம் ஸ்வரமாகக் கீழே இறங்கினார். எங்கள் குழுவின் சத்தமே மாறிவிட்டது. முன்பு நாங்கள் ஒவ்வொருவரும் அடுத்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஊதினோம். இப்போது காலூன்றி ஊதினோம். என்னைப் போன்ற மூன்றாம் கிளாரினெட்டுக்கே சுருதி நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் நகர மண்டபத்தில் ஊர்க்குழுக்கள் எல்லாம் வாசிக்கிற ஒரு நாள் ஏற்பாடாகியிருந்தது. லாண்டரிக்காரர் எங்கள் பெயரையும் கொடுத்தார். ஏற்பாடு செய்த அம்மா போன் பண்ணினார். நாங்கள் எல்லோரும் கேட்கட்டும் என்று லாண்டரிக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க குழுவுல என்னென்ன வாத்தியம் சார்?"

"கிளாரினெட்."

"சரி. அப்புறம்?"

"கிளாரினெட்."

"அது எழுதிட்டேன் சார். அது தவிர?"

"பெரிய கிளாரினெட் ஒண்ணு இருக்கும்மா. சின்னதும் இருக்கு."

அந்தப் பக்கம் பேனா எதையோ அடித்து எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முந்தின இடம் கிடைத்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், கிளாரினெட்டா நிற்கும்? ஆனாலும் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாசிக்கப்போவது லாண்டரிக்காரரே எழுதியது. "கொடியில் காயும் துணிகள்" என்று பெயர். அதன் நடுவில் எல்லோரும் ஓய்ந்துவிடுவார்கள். மாமனார் மட்டும் அடியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்திருக்க, வெகு உயரத்தில் வாண்டு தனியாக ஒரு பாட்டை எடுக்கும். நடுவே ஒன்றுமே கிடையாது. வெறும் வானம்.

மண்டபத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மருந்துக்கடைக்காரர் ஏணியில் ஏறி மேல்தட்டு டப்பாவை எடுக்கப்போய் மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு லாண்டரிக்கு வந்து நின்றார். வாண்டை மேஜைமேல் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் நின்றார்.

எல்லோருடைய தலையும் அண்ணி பக்கம் திரும்பியது. திரும்பாதா பின்னே? அவர் முகம் சரியாகிவிட்டது. பஸ்கூட ஓட்ட ஆரம்பித்துவிட்டார். மேல் ஸ்வரம் என்றால் இந்த ஊரிலேயே அவர்தான்.

லாண்டரிக்காரர் மெல்லக் கேட்டார். "நீங்க வாண்டை எடுத்துக்கறீங்களாம்மா? மாமனார் இல்லாம எப்படியாவது சமாளிச்சுக்கலாம்."

அண்ணி வாண்டைக் கையிலெடுத்தார். அத்தனை மாதங்களுக்குப் பிறகு அவர் கையில் சின்ன வாத்தியம். உதட்டில் வைத்தார். அந்தத் தனிப்பாட்டை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு இடத்திலும் நிற்காமல், ஒரு சுருக்கமில்லாமல் ஊதி முடித்தார். மருந்துக்கடைக்காரர் கட்டுப்போட்ட கையாலேயே மேஜையைத் தட்டினார்.  அண்ணி திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அண்ணி வாண்டைத் துடைத்தார். என் கையில் வைத்தார்.

"ஊசி ஊதுவா."

"அண்ணி!" என்று நான் அலறியது தெருவில் கேட்டிருக்கும். "விளையாடாதீங்க. நான் மூணாம் கிளாரினெட். எனக்குத் தனியா ஊதத் தெரியாது. உங்களுக்குத்தான் வருதே!"

"வருதான்னு பாக்கணும்னு இருந்தது. பாத்தாச்சு, வருது. அது போதும் எனக்கு," என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "வாண்டை ஊத இங்க நாலு பேரால முடியும். கொஞ்சம் உழைச்சா இவளாலயும் முடியும். மாமனாரை ஊத என்னை விட்டா யாரு இருக்கா? இருந்தா கையைத் தூக்குங்க."

யார் தூக்குவார்கள்? தலைக்கனம் என்று சொந்தக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

அந்த வாரம் முழுக்க மதிய இடைவேளையில் டிப்போவுக்குப் போனேன். ஓரமாக நிறுத்திய காலி பஸ்ஸில் அண்ணி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவார். நான் கடைசி சீட்டில் நின்று ஊதுவேன். அவர் திரும்பக்கூட மாட்டார். மேலே இருக்கிற நீளக் கண்ணாடியில் பார்த்தே திட்டுவார்.

"தோள் ஏறுது! ஸ்வரம்தான் மேல போகணும், தோள் எதுக்குக் கூடவே போகுது?"

"பயமா இருக்கு அண்ணி."

"பயப்படு, யார் வேண்டாம்னாங்க? தோளை இறக்கிட்டுப் பயப்படு."

கடைசி நாள் பஸ்ஸைத் துடைக்க வந்த அம்மா படியிலேயே நின்று கேட்டுவிட்டு, "யார் ஊதுறது? நீங்களா டிரைவரம்மா?" என்றார். "என் நாத்தனார்," என்றார் அண்ணி. அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன விதத்தில் நான் ஒரு விரல்கடை வளர்ந்தேன்.

மண்டபத்தில் எங்கள் முறை வந்தபோது எதிர்பார்த்ததுதான் நடந்தது. நாங்கள் மேடையேற, சனம் எழுந்து வெளியே போயிற்று. சாப்பாட்டு வாசனை கதவு வழியாக வந்து ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போனது. முன்வரிசையில் அண்ணன் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் மலைபோல உட்கார்ந்திருந்தான். பின்னால் பேண்ட் மாஸ்டர் நின்றிருந்தார். அவர்களுடைய முறை சாப்பாட்டுக்குப் பிறகு.

லாண்டரிக்காரர் கையைத் தூக்கினார். ஆரம்பித்தோம்.

முதல் பாகம் நன்றாகவே போனது. டீச்சரின் பேஸ் கீழே நடக்க, நடுவில் இருந்தவர்கள் பேசிக்கொள்ள, நான் மேலே அங்கங்கே தொட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். அண்ணியின் ஸ்வரம் மட்டும் மிச்சம் இருந்தது. மேடைப் பலகை வழியாக அது என் செருப்புக்குள் வந்தது. நான் மூச்செடுத்தேன். தனிப்பாட்டின் முதல் ஸ்வரத்தைத் தொட்டேன்.

கீச்!

வாண்டு செய்கிற துரோகம் அது. யாரோ பூனை வாலை மிதித்தமாதிரி ஒரு சத்தம். வெளியே போய்க்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். என் விரல்களெல்லாம் கட்டையாகிவிட்டன. எங்கே விட்டேன், எங்கே எடுக்கவேண்டும், ஒன்றும் தெரியவில்லை.

அண்ணி ஸ்வரத்தை விடவில்லை. எழுதியபடி பார்த்தால் அங்கே ஒரு சின்ன இடைவெளி உண்டு, அவர் மூச்செடுக்கவேண்டும். எடுக்கவில்லை. மாமனார் குடிக்கிற மூச்சு சாமானியமானதில்லை. ஒரு ஆள் மாடிப்படி ஏறுகிற மூச்சை ஒரே மடக்கில் குடித்துவிடுவார். அண்ணி பிடித்துக்கொண்டே இருந்தார். ஓரக்கண்ணால் பார்த்தேன். முகம் சிவந்து, அந்த இடது வாயோரம் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கியும் காற்று ஒழுகவில்லை. ஸ்வரம் ஒரு மயிரிழை அசையவில்லை. என்னைப் பார்த்து இமைகளை ஒரு தடவை மூடித் திறந்தார். லாண்டரிக்காரரும் புரிந்துகொண்டு கையைக் காற்றிலேயே நிறுத்திவிட்டார். எனக்காக எல்லோரும் நின்றார்கள்.

தோளை இறக்கினேன். முதலிலிருந்து எடுத்தேன்.

இந்தத் தடவை வந்தது. அவ்வளவு கீழே அவ்வளவு கெட்டியாக ஒன்று இருக்கும்போது மேலே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் போனேன். கடைசி உச்ச ஸ்வரத்தில், இனி ஊதினால் வாத்தியமே இல்லை என்கிற இடத்தில், நின்று நிதானமாக அதை முடித்தேன். எல்லோரும் மறுபடி சேர்ந்துகொண்டபோது, இத்தனை கிளாரினெட்டும் ஒரே மரத்தில் செய்ததுபோல, ஒரே ஆள் மூச்சுவிடுவதுபோல அந்தச் சத்தம் வந்தது. வேறு எந்த வாத்தியம் கலந்தாலும் அப்படி வராது. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

முடிந்து தலையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். கதவருகே கும்பல். சாப்பிடப் போனவர்கள் தட்டுகளோடு திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தார்கள். கைதட்ட வழியில்லாமல் சிலர் தட்டையே கரண்டியால் தட்டினார்கள். மண்டபம் நிறைந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். பாதிதான். ஆனால் அந்தப் பாதி நின்றபடியே தட்டியது.

அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர், "நாற்காலியே அதிருது, என்ன சார் அது?" என்று கேட்டாராம். "அது என் வீட்டுக்காரிங்க," என்றானாம் இவன். "மேல ஊதினது?" "அது என் தங்கச்சி." பெரியவர் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன ஊதுவீங்க?" என்றாராம். "நான் கார் ஓட்டுவேன்," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். இதை அவன் இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் என்று கணக்கே இல்லை.

மேடைக்குப் பின்னால் பேண்ட் மாஸ்டர் வந்தார். நேரே அண்ணியிடம் போனார். "முகம் நல்லாயிடுச்சே! சந்தோஷம்மா. அடுத்த மாசத்துலேர்ந்து வந்துடுங்க. உங்க பழைய இடம் உங்களுக்குத்தான்."

 அண்ணி மாமனாரின் கழுத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"அந்தப் பொண்ணு நல்லா ஊதுறா சார். உங்க போன கச்சேரியில கேட்டேன். அந்த நாற்காலியிலேர்ந்து அவளை எழுப்பாதீங்க," என்றார். "எனக்கு இங்க வேலை இருக்கு. நான் வந்துட்டா இவங்க நிக்கத் தரை இல்லை."

பேண்ட் மாஸ்டர் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். டீச்சர் காத்துக்கொண்டிருந்தவர் மாதிரி முன்னால் வந்து கைகூப்பினார்.

"வணக்கம் சார். இப்பவும் கிளாரினெட் கொஞ்சம் அதிகமா இருந்துச்சா?"

அவர் நல்ல மனுஷர்தான். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "போதலைம்மா," என்றார்.

மருந்துக்கடைக்காரரின் கட்டுப் பிரித்ததும் வாண்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். "நீங்களே வெச்சுக்கோங்க, நான் வேற பார்த்துக்கறேன்," என்று அவர் எவ்வளவோ சொன்னார். எனக்கு அது வேண்டாம். ஒரு தடவை அவ்வளவு உயரத்துக்குப் போய்ப் பார்த்தாயிற்று. எனக்குப் பிடித்தது மூன்றாம் கிளாரினெட்தான், அண்ணிக்குப் பக்கத்து நாற்காலி. அங்கே உட்கார்ந்து முன்னைவிடச் சத்தமாக ஊதுகிறேன். லாண்டரிக்காரர் அடிக்கடி என் பக்கம் கையைக் காட்டி, "கொஞ்சம் மெதுவா, மெதுவா," என்கிறார். நான் கேட்பதாக இல்லை.